டராவாவுக்கு ஒரு பகல் தூரம்

ஏழு மணிக்கு எப்போதும்போல ஃபைல் வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் இருக்கிற இடத்தில் ரொசாரியோ என்றே இருந்தது, இரண்டு வருடத்துக்கு மேலாக இருப்பதுபோல. அதை மாற்ற வேண்டும் என்று அவன் மனைவி பிலோமிக்குத் தோன்றியிருக்காது. தோன்றினாலும் எப்படி மாற்றுவது என்று அவளுக்கு யார் சொல்லித் தருவார்கள், அவன் எழுதிவைத்துவிட்டுப் போன தாளில் அது இருக்காது. சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெயர் அப்படியேதான் இருந்தது. ரொசாரி செத்து இன்றைக்கு இருபது நாள். இவருக்கு நேற்றுத்தான் தெரியும். இருபது நாளில் பத்தொன்பது நாள் அவன் இவருக்கு உயிரோடு இருந்திருக்கிறான், அதுவும் சும்மா இல்லை, தந்திரக்காரனாக, பதுங்கிக் கிடக்கிறவனாக, ஏதோ பெரிய காரியத்துக்கு அடிபோடுகிறவனாக. ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு மாடியில் யாரோ கம்பளத்தைத் தட்டுகிறார்கள். மனைவி கோமதி சமையலறையில் தேங்காய் துருவுகிற சத்தம் ஒரே சீராக வந்து நின்று மறுபடி வருகிறது. ஃபைலைத் திறக்க ஒரு தட்டு போதும். திறந்துவிட்டால் இன்றைய உத்தரவைப் போட வேண்டும். மூன்று நாள் முன்னால், ஒன்றும் தெரியாதபோது, காத்திருந்து அலுத்துப்போய், சுவா துறைமுகத்திலிருந்து இவர் புறப்படச் சொன்ன கப்பல்கள் இன்றைக்கு டராவா தீவுக்கு ஒரு பகல் தூரத்தில் இருக்கும். இவர் ஒன்றும் செய்யாமல் ஃபைலைத் திருப்பி அனுப்பினால்கூட நாளைக் காலை அவை தாமாகவே கரை சேர்ந்து படையை இறக்கிவிடும். நிறுத்துவதென்றால் இன்றைக்குத்தான்.

திறந்தார். நீலம் விரிந்தது. இந்த நீலத்தை ரொசாரிக்குப் பிடிக்காது. கடலைப் பார்த்தே இராதவன் போட்ட கலரு இது, கடல் எங்கயாவது நாள் பூரா ஒரே நெறமா இருக்குமா என்று ஆட்டம் தொடங்கின வாரமே எழுதினான். அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்தவன், சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பசிபிக் யுத்தம் முழுவதையும் ஒரு நாளுக்கு ஒரு நாளாக இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் இது. அவன் ஜப்பான், இவர் அமெரிக்கா. அவன் தன் உத்தரவுகளைப் போட்டு அனுப்புவான், இவர் தன்னுடையதைப் போட்டுத் திருப்புவார், அந்த ஒரு நாள் சண்டை அவன் கம்ப்யூட்டரில் ஓடும், அதையும் சேர்த்து மறுநாள் ஏழு மணிக்கு அனுப்புவான். ஆட்டத்தில் இன்றைக்கு 1944 ஜனவரி. எழுநூற்று எழுபது நாள் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு ஃபைலோடும் ஒரே ஒரு வரி எழுதலாம், அதுவும் ஆட்டத்தைப் பற்றி மட்டும். அது ரொசாரி போட்ட சட்டம். வீட்டை இதுக்குள்ள கொண்டாராத மக்கா, வீடு வந்துட்டுன்னா நான் எரக்கப்பட்டு உன்னைய விட்டுருவேன். இவரும் சரி என்றார். உண்மையில் இவருக்கு அது சௌகரியமாக இருந்தது. பம்ப்செட் கம்பெனியின் சோதனைப் பிரிவில் நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் நின்று, யாரிடமும் எதையும் விசாரிக்காமல் வாழப் பழகிவிட்ட மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி என்பது ஏராளம். என்னல, கடல்ல குளிச்சியா. அது மோர்ஸ்பித் துறைமுகத்தில் இவருடைய ஆறு கப்பலை அவன் முழுங்கின அன்றைக்கு எழுதியது. அதற்கு முன்னால் இருபது நாள் அவன் அசையாமல் கிடந்தான். இவர் அவனுக்குக் கப்பல் இல்லை என்று நம்பிப் போனார். மோர்ஸ்பியில் அவன் பதுங்கிய அந்த இருபது நாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இல்லை, அதைக் காரணம் என்று சொல்லக் கூடாது. காரணம் இவர்தான்.

இடப்பக்கம் படைகளின் பட்டியல். மூன்று ரெஜிமெண்ட், ஒரு பொறியாளர் பட்டாலியன், ஒரு பீரங்கிப் பிரிவு, ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் போகவேண்டிய இடம் டராவா, அதற்குப் பக்கத்தில் 100. இந்த எண்தான் இந்த ஆட்டத்தின் உயிர், இது புரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஒரு படைக்கு இன்ன இடம் என்று சொல்லிவிட்டால் அது அந்த இடத்துக்காகத் தயாராகத் தொடங்கும். வரைபடம் படிக்கும், ஒத்திகை பார்க்கும். ஒரு நாளைக்கு ஒன்று. அவசரப்படுத்த முடியாது. நூறு ஆக நூறு நாள். நடுவில் மனசு மாறி வேறு இடத்தைச் சொன்னால் அத்தனையும் போய்ப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். சேர்த்த தயாரிப்பை வேறு தீவுக்கு எடுத்துப்போக முடியாது. இவருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. தினமும் காலையில் 61, 62, 63 என்று பார்ப்பதில் ஒரு நிம்மதி. எந்த ரெஜிமெண்ட் எந்தக் கப்பலில், பொறியாளர்கள் முதல் கப்பலில், பீரங்கி அதற்குப் பின்னால், சின்னத் தீவு என்பதால் ஆறாயிரம் பேருக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் ஒருத்தரை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் நோட்டில் எழுதிவைத்திருந்தார். நூறைத் தொட்டது நாற்பத்தொரு நாளுக்கு முன்னால். அன்றைக்கே புறப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கே புறப்பட்டிருந்தால் நாலாம் நாள் இறங்கியிருப்பார், ரொசாரி இருந்தான், ஆஸ்பத்திரியில்தான் என்றாலும் இருந்தான், பார்த்திருப்பான், ஏதாவது எழுதியிருப்பான். இவர் புறப்படவில்லை. ஏனென்றால் சரியாக அந்த வாரத்தில் எதிர்ப்பக்கம் அசைவு நின்றுபோயிற்று. ரொசாரியால் ஒன்றைத் தொடாமல் ஒரு நாள் இருக்க முடியாது, கிரேன்காரன், எதையாவது ஓரிடத்திலிருந்து தூக்கி இன்னோரிடத்தில் வைத்துக்கொண்டே இருப்பான். அவன் விமானங்கள் பறக்கவில்லை, கப்பல்கள் நின்ற இடத்தில் நின்றன, வரியும் வரவில்லை, ஃபைல் மட்டும் ஏழு மணிக்கு மொட்டையாக வந்தது. இவர் சிரித்தார். மறுபடியும் மோர்ஸ்பியா, உன் வேலையை எங்கிட்டயே காட்டுதியா. சிரித்துக்கொண்டே வேவு விமானங்களை இரண்டு மடங்காக்கினார். அவன் எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்று தேடினார். அவன் அப்போது ஒரு கட்டிலில் கிடந்தான். ஈரலில் தொடங்கியதாம்.

நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது. தெரியாத எண். அண்ணாச்சி, நான் பிலோமி பேசுதேன், ரொசாரியோ வீட்ல. கல்யாணத்தில் பார்த்தது, இருபத்தேழு வருடம். குரல் நினைவில்லை. என்ன தங்கச்சி, அந்தப் பய போனை உங்கிட்ட குடுத்துட்டு ஒளிஞ்சிக்கிட்டானா என்றார் இவர். அப்படித்தான் கேட்டார், சிரிப்போடு, டராவாவுக்குக் கப்பல் போய்க்கொண்டிருக்கிற மிதப்பில். அவள், புதுசா ஒரு பெட்டி வந்து நிக்குது அண்ணாச்சி, எதிரிக் கப்பல் வருதுன்னு போட்டிருக்கு, அவிய எழுதி வச்ச தாள்ல இது இல்ல, எதை அமுக்கன்னு தெரியல என்றாள். இவருக்கு அது முதலில் சந்தோஷமாக இருந்தது, தன் கப்பல்களை அவன் பக்கம் கண்டுகொண்டுவிட்டது என்று. அந்தச் சந்தோஷம் எத்தனை நொடி இருந்திருக்கும். மூன்று, நாலு. அப்புறம்தான் நீங்க ஏன் அமுக்குதீங்க, அவன் எங்க என்று கேட்டார். அவிய போயி இன்னையோட பத்தொம்பது நாளாவுது அண்ணாச்சி. அழவில்லை அவள். எங்கோ குக்கர் விசில் கேட்டது. ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே தாள்ல எழுதித் தந்தாவ, காலண்டர் தாளு, முதல்ல இது, பொறவு இது, வேற ஒண்ணையும் தொடாதேன்னு. லிங்கத்துக்குச் சொல்லாதே, சொன்னா அவன் ஆட்டத்தை விட்டுருவான், நான் வீட்டுக்கு வந்து பாத்துக்கிடுதேன்னு சொன்னாவ. வரல. நான் பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருந்துட்டேன். நிறுத்தணும்னு தோணல. அடக்கத்து அன்னைக்கு மட்டுந்தான் அனுப்பல. இவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவள் மறுபடி, அண்ணாச்சி, இந்தப் பெட்டிய என்ன செய்ய என்றாள். அதில் சரின்னு இருக்கும், அதை அமுக்குங்க. அமுக்கிட்டேன். போயிட்டா? போயிட்டு அண்ணாச்சி. அவ்வளவுதான் இவரால் சொல்ல முடிந்தது. முப்பத்தாறு வருடச் சிநேகிதம், சரியை அமுக்குங்க.

அடக்கத்து அன்னைக்கு மட்டுந்தான். அங்கே வந்துதான் மனசு ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்று இரண்டு முறை எழுந்து போய் அனுப்பிய கடிதங்களைப் புரட்டித் தேதியைப் பார்த்தார், தப்பாக நினைவிருக்கலாம் என்று. நினைவு சரியாகத்தான் இருந்தது. ஃபைல் வராத அந்த ஒரு நாள், சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு இவர் ஒரு வரி அனுப்பியிருந்தார். என்னல, செத்துட்டியா? கேள்விக்குறிகூடப் போட்டிருந்தது. ஐந்தேகாலுக்கு மண் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் ஏழு மணிக்கு ஃபைல் வந்தது. ஃபைலை அனுப்பவேண்டுமென்றால் இவர் கடிதத்தைத் திறந்துதான் ஆக வேண்டும், அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வாசித்திருப்பாள். வாசித்துவிட்டு, முதல்ல இது, பொறவு இது என்று அமுக்கியிருப்பாள். நேற்று போனில் கேட்டிருக்கலாம், அதைப் பார்த்தீங்களா தங்கச்சி என்று. கேட்கவில்லை. கேட்டால் பார்த்தேன் என்பாள். பாக்கலையே அண்ணாச்சி என்று பொய் சொன்னால் அது இன்னும் மோசம். மறுநாள் வந்த மொட்டை ஃபைலைப் பார்த்து இவர் என்ன நினைத்தார்? பய ரோஷப்பட்டுட்டான் என்று நினைத்தார். கோமதியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கூடச் சிரித்தார்.

வேவு விமானம் சொல்கிற செய்தி திரையின் அடியில் ஓடியது. டராவா: நடமாட்டம் இல்லை. அரண் வேலை நடக்கிறது. எத்தனை பேர், தெரியவில்லை. அரண் வேலை நடக்கிறது என்பதைத்தான் இவர் நாற்பத்தொரு நாளாகச் சூழ்ச்சிக்குச் சாட்சியாக வைத்திருந்தார். ஆளே தொடாவிட்டாலும் அது நடக்கும், ஒரு தடவை தோண்டு என்று சொல்லிவிட்டால் போதும், வேண்டாம் என்கிறவரை தோண்டிக்கொண்டிருப்பார்கள். அவன் சொல்லிவிட்டுப் போன வேலையை அங்கே இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஆள் வரப்போவதில்லை. எங்கே வைத்திருப்பான் பீரங்கிகளை? கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது விடுமுறைக்கு அவன் வீட்டுக்குப் போனதும் முயல்தீவுக்கு நடந்ததும்தான் இவர் தூத்துக்குடியில் ஒழுங்காகத் தங்கின ஒரே தடவை. ஈர மணலில் அவன் குச்சியால் கோடு போட்டான். எல்லாரும் கடலைப் பாத்து பீரங்கிய வைப்பான், வாரவன் அது தெரிஞ்சுதான் வருவான், நீ முதுகுப்பக்கம் பாத்து வைக்கணும்ல. அவன் காலில் செருப்பு இல்லை. கோடு போட்ட இடத்தில் தண்ணீர் ஊறி வந்தது. டராவாவில் முதுகுப்பக்கம் எது? உள்ளே இருக்கிற காயல் பக்கமா? இறங்கினால் தெரிந்துவிடும். நாளைக்கு இறங்கினால், சண்டை ஓடி முடிந்தபின் அறிக்கையில் வரிவரியாக வரும், எத்தனை பேர், எந்தத் திசை பார்த்து, எந்தப் பீரங்கி. அது அவன் நல்லபடியாக இருக்கும்போது யோசித்தது. கடைசியாக யோசித்தது. இவரை நினைத்து, லிங்கம் இப்படித்தான் வருவான், அவனுக்கு இங்கே வைக்கிறேன் என்று யோசித்தது. ஒரு வரிக்கு மேலே அவன் இவருக்குச் சொல்லிவிட்டுப் போனது இனி உலகத்தில் அது ஒன்றுதான். அதைக் கேட்க ஒரே வழி சண்டை போடுவது.

வேறு வழியும் இருக்கிறது. நேற்று பிலோமி அந்தக் காலண்டர் தாளை முழுக்க வாசித்துக்காட்டினாள், எதையாவது தப்பாக அமுக்கியிருக்கேனா அண்ணாச்சி என்று, அவன் பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாக. வேண்டாம் தங்கச்சி, அதை எங்கிட்ட சொல்லக்கூடாது என்பதற்குள் ஏழு எழுத்தும் காதில் விழுந்துவிட்டன. இப்போது அவை மண்டைக்குள் இருக்கின்றன. அதைப் போட்டால் எதிர்ப்பக்கம் திறந்துகொள்ளும், தீவை அவன் கண்ணால் பார்த்துவிடலாம், ஒரு குண்டுகூடப் போட வேண்டாம், யாருக்கும் தெரியாது. கை விசைப்பலகைக்குப் போயிற்று. போட்டால் என்ன, ஆள்தான் இல்லையே. ஆள் இல்லாததால்தான் கூடாது. அவன் இருந்தால் திட்டுவான், கள்ளாட்டம் ஆடுத நாயே என்று, அதோடு தீர்ந்துபோகும். இப்போது திட்ட யார் இருக்கிறார்கள். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சின்ன வயதில் வாத்தியார் அடித்த கையை அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

கோமதி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு இவரை. இன்னைக்கும் வந்திருக்கா, என்றாள். ஆமாம் என்றார். அந்தப் பிள்ள ஏன் இன்னும் அனுப்புது? போனை வைப்பதற்கு முன் பிலோமி சொன்னதைச் சொன்னார்: அன்னாடம் இதை அமுக்குதப்ப கப்பலெல்லாம் போறது வாரது காட்டும் அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் வெளங்காது, ஆனா இதத்தான அவிய நாளு பூரா பாத்துக்கிட்டு இருந்தாவன்னு நானும் பாப்பேன். ஒரு நா ஒரு கப்பல் தீப்பிடிச்சு முங்குத மாதிரி காட்டுச்சு, கண்ணை மூடிக்கிட்டேன். கோமதி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றாள். நாப்பது நாளா அவன் ஒரு வார்த்த எழுதல, உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு தோணலையா? கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். தோணல கோமதி, அவன் ஏமாத்துதான்னு நெனச்சேன். அவள் எழுநூற்று எழுபது நாளில் முதல் தடவையாக அந்த நீலத்தைக் குனிந்து பார்த்தாள். இதுல நம்ம கப்பல் எது? இவர் காட்டினார். வெள்ளையாக ஒரு சின்னச் சின்னம், அதற்கு ஒரு விரல் மேலே டராவா. இவர் இருக்கிற கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு ராத்திரி ரயில். இவர் சுவாவுக்கு ஆறாயிரம் பேரைக் கொண்டுவந்து சேர்க்க ஐம்பது நாள் கணக்குப் போட்டவர், எந்த இடத்தில் எண்ணெய் நிரப்ப வேண்டும் என்பதுவரை.

நாளைக் காலை அவள் அமுக்கினால் என்ன காட்டும்? முதலில் கப்பல்கள் பீரங்கி அடிக்கும். மஞ்சளாக வெடிக்கும், அதற்கொரு சத்தம் உண்டு. பிறகு தீவில் ரொசாரியின் ஆட்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக. அதைப் பார்க்கப்போவது இவர் இல்லை. இவருக்கு அதற்குப் பிறகுதான் ஏழு மணிக்கு வரும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் பார்க்கப்போவது அவள். எவ்வளவு யோசித்தும் இது இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. இவர் வெள்ளைச் சின்னத்தைத் தட்டி, துறைமுகத்துக்குத் திரும்பு என்று போட்டார். கப்பல் திரும்புவது இப்போது ஒன்றும் தெரியாது, ஒரு அம்புக்குறி மட்டும் தெற்கே பார்த்தது. அப்போது முதுகுப்பக்கம் எது என்பதும் போயிற்று. தெரியாமலே போயிற்று. அது நெஞ்சில் எங்கோ ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது, இனி எழுந்திருக்காது என்று தெரிந்தது.

படைகளுக்கு வேறு இடம் சொல்ல வேண்டும். டராவாவை எடுத்துவிட்டு சுவாவைப் போடலாம் என்று முதல் ரெஜிமெண்டின் வரியைத் திறந்தார். ஊர்களின் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் விழுந்தது. சுவா மேலே இருந்தது. விரல் கீழே இழுத்தது. டராவா. டோக்கியோ. திரிகோணமலை. ட்ரக். தூத்துக்குடி. வரைபடத்தின் மேற்குக் கோடியில், யுத்தமே வராத இடத்தில், அது ஒரு புள்ளி. ஆட்டம் தொடங்கின முதல் வாரம் ரொசாரி அதைக் கண்டுபிடித்துவிட்டுக் குதித்தான். எங்கூரு இருக்குல மேப்புல! உன் பக்கத்துலதான் இருக்கு, ஒரு காவக்காரன்கூட இல்லாம அனாதையாக் கெடக்கு, வெக்கமா இல்ல? இவர் ஒரு ஆளையும் அனுப்பவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த ஊருக்கு எதற்கு ஆள். தட்டினார். பெட்டி ஒன்று வந்து நின்றது, இதுவரை செய்த தயாரிப்பு முழுவதும் அழிந்துவிடும் என்றது. சரி என்று இருந்ததை அமுக்கினார். இரண்டாவதற்கும் பெட்டி வந்தது. மூன்றாவதற்கும். ஐந்து தடவை வந்தது, ஐந்து தடவையும் சரியை அமுக்கினார். கடிதத்தில் பழக்கத்தில் என்னல என்று விரல் அடித்துவிட்டது, அழித்தார். தங்கச்சி, கப்பலையெல்லாம் திருப்பிட்டேன், நாளைக்கு நீங்க கண்ணை மூட வேண்டாம் என்று அடித்தார். அதன் கீழே, நான் வாரேன், என்று இன்னொரு வரி. இரண்டாவது வரி. சட்டத்துக்கு விரோதமானது. அனுப்பினார்.

கோமதி இன்னும் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் போடுதேன், ரெண்டா ஒண்ணா என்றாள். ரெண்டு என்றார். போயி அந்தப் பிள்ளகிட்ட என்ன சொல்லுவீங்க?

இவர் திரையைப் பார்த்தார். ஐந்து வரியிலும் தூத்துக்குடி, ஐந்து வரியிலும் அதற்குப் பக்கத்தில் 0.